ஐந்தருவியில் ஆடிட்

சாரல் காலத்தில் தென்காசிக்கு வந்த ஒருவரை அருவியில் குளிக்க வைக்காமல் ஊருக்கு அனுப்பினால் அது பெரிய குற்றம். துக்கம் விசாரிக்க வந்தவரைக்கூட, "வந்தது வந்தீய, ஒரு குளியலப் போட்டுட்டுப் போங்களேன்" என்று இழுத்துக்கொண்டு போகிற ஊர் இது. மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். எல்லோரும் ஜூலையில்தான் வருவார்கள். ஏப்ரல் வெயிலில் ஒருத்தர் வந்து கணக்குப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சிற்றாறு சாசுவத நிதியின் ஆடிட்டரும் இதற்கு விலக்கில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வருவார். பெட்டகத்தில் இருக்கும் நகைப் பொட்டலங்களில் சிலவற்றைப் பிரித்து எடை பார்ப்பார், கணக்கைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். நடுவில் ஒருநாள் அருவி. அருவிக்கும் கையெழுத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டால் நிதியின் செயலாளர் நாகராஜனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "விருந்தாளியக் கவனிக்கது ஒரு தப்பா, வே?" என்பார்.

நிதி என்றால் பெரிய பேங்க் இல்லை. உறுப்பினர்கள் போடும் டெபாசிட்டை வாங்கி, நகையின் பேரில் வேறு உறுப்பினர்களுக்குக் கடன் கொடுப்பது. இரண்டு வட்டிக்கும் நடுவில் கிடைக்கும் வித்தியாசத்தில் சம்பளம், வாடகை, கரண்டு பில் எல்லாவற்றையும் சமாளிப்பது. அவ்வளவுதான் தொழில். அதே ரோட்டில் வரிசையாகப் பெரிய பேங்குகள் இருக்கின்றன. அங்கே வட்டியும் குறைவு. அப்படியும் நிதி பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், பக்கத்துச் சந்தில் அதற்கு இருக்கும் இன்னொரு வாசல். நகை வைக்க வருகிறவர்கள் அந்த வழியாக வந்து அந்த வழியாகவே போய்விடலாம். கவுன்டரில் பக்கத்து வீட்டுக்காரி நின்று என்ன ஏது என்று எட்டிப் பார்க்கிற தொல்லை கிடையாது.

நாகராஜனுக்கு இதில் தனிப் பெருமை. புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "பணம் எந்த பேங்குலயும் கிடைக்கும். நம்மகிட்ட கிடைக்கது ரகசியம். அதுக்குத்தான் ஜனங்க ஒரு வட்டி கூடத் தருதாவ. நம்ம வாயத் தொறந்தோம்னு வையி, பொறவு நமக்குச் சோறு கிடையாது." சொல்லிவிட்டு உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக் காட்டுவார். இருபது வருஷமாகச் சொல்லிவந்தார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தும் வந்தார்.

இந்த வருஷம் வந்தவர் புது ஆடிட்டர். வயது குறைவு, கேள்வி அதிகம். வெள்ளிக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்ததுமே பெட்டகச் சாவியைப் பற்றிக் கேட்டார். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று நாகராஜனிடம், இன்னொன்று காசாளர் சேக் மைதீனிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருத்தரே இரண்டையும் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. மற்ற வருஷங்களில் அருவிக்குக் கிளம்பும்போது நாகராஜன் தன் சாவியையும் மைதீனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். யாராவது நகையை மீட்க வந்தால் மைதீன் எடுத்துக் கொடுத்துவிடுவார். விதிப்படி அது தப்பு. வாடிக்கையாளருக்கு அது சௌகரியம்.

பதினொரு மணிக்கு, "சார், ஐந்தருவில தண்ணி பிரமாதமா விழுதாம்" என்று நாகராஜன் ஆரம்பித்தார். ஆடிட்டர் கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்துவிட்டுப் பையிலிருந்து துண்டை எடுத்தார். துண்டோடுதான் வந்திருக்கிறார். கிளம்பும்போது நாகராஜன் ஆடிட்டரின் கண் முன்னாலேயே சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். "இது என்னை விட்டுப் பிரியாது சார்" என்றார். ஆடிட்டர் திருப்தியாகத் தலையாட்டினார். மைதீன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகராஜன் கண்ணாலேயே அவரை அடக்கிவிட்டார்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் சந்து வாசல் வழியாகப் பொன்செல்வி வந்தாள்.

பொன்செல்விக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன பேன்ஸி ஸ்டோர். புருஷன் பெலிக்ஸ் இறந்த பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் மகள் ஷாரோனை நர்சிங் படிக்க வைத்தாள். கடைசி வருஷப் பீஸுக்குக் கடை வருமானம் போதவில்லை. வீட்டில் இருந்த ஆரத்தையும் நாலு வளையலையும் கொண்டுவந்து நிதியில் வைத்தாள். அந்த விஷயம் அவளுக்கும் ஷாரோனுக்கும் நிதிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. உடன்குடியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் முதல் தடவை பார்த்தபோது ஷாரோன் கழுத்தில் அந்த ஆரம் இருந்தது. வைத்தது அதற்குப் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்தம். ஆரம் கழுத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் எங்கே என்று கேட்பார்கள். கேட்டால் வாயில் பொய்தான் வரும்; சபையில் போதகர் முன்னால் பொய் சொல்ல அவளால் முடியாது.

முந்தின நாள் சாயங்காலமே நாகராஜனுக்குப் போன் பண்ணி, மகள் நிச்சயதார்த்தம் என்று சொல்லிக் கேட்டிருந்தாள். "வாங்க வாங்க, எப்ப வந்தாலும் எடுத்துத் தாரேன்" என்று அவர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். சொன்னதோடு மறந்தும்விட்டார். ஆடிட்டருக்கு எந்த ஹோட்டலில் சாப்பாடு என்கிற கவலை அவருக்கு.

மைதீன் பணத்தை வாங்கி வரவு வைத்தார். ரசீது கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நகை?" என்றாள் பொன்செல்வி.

"சாவி சார்வாள் இடுப்புல இருக்கு. சார்வாள் ஐந்தருவில இருக்காவ."

"ஐயோ அண்ணாச்சி, அஞ்சு மணிக்கெல்லாம் அவங்க வந்துருவாங்களே!"

மைதீன் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளிக்கப் போகிறவன் எவன் போனைக் கையில் வைத்திருப்பான்? அது பூட்டிய காருக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. திரும்பி வர மூணு மணியோ நாலு மணியோ, ஆடிட்டரின் மனசைப் பொறுத்தது. வழியில் சாப்பாடு வேறு இருக்கிறது. பொன்செல்வி இன்னும் பந்தல்காரனைப் பார்க்கவில்லை, கேசரிக்குச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து ஒரு ஆட்டோவைப் பிடித்தாள்.

ஐந்தருவியில் அப்போது ஆண்கள் பக்கம் எண்ணெய் தேய்க்கிற இடத்தில் நாகராஜனும் ஆடிட்டரும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் குப்புறக் கிடந்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் இடுப்புத் துண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆடிட்டர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முனகல் முனகினார். இப்படி முனகுகிறவர் அறிக்கையில் கடுமையாக எழுத மாட்டார் என்று நாகராஜனுக்கு நம்பிக்கை பிறந்திருந்தது.

மூன்றாவது பலகையில் கனத்த சரீரமுள்ள ஒரு பெரியவர். நல்ல பேச்சுக்காரர். பேர் ஞானதுரை, உடன்குடியில் ஹார்டுவேர் கடை. மகன் பிரின்ஸுக்கு இன்றைக்குச் சாயங்காலம் தென்காசியில் நிச்சயதார்த்தம். வேனில் வந்தவர்கள் அருவியைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்கள்.

"எங்க ஊருல குடிக்கவே தண்ணி கிடையாது அண்ணாச்சி. இதப் பாத்துட்டு எப்படிப் போக?" என்றார்.

"அதான! குளிச்சுட்டுப் போனாத்தான் மாப்பிள வீட்டுக்கு மரியாத" என்றார் நாகராஜன்.

"பொண்ணுக்கு அப்பா இல்ல. அம்மா மட்டுந்தான், ஒத்தையில கடை வச்சுப் படிக்க வச்சிருக்காவ. நான் நகை நட்டு எதும் கேக்கல. என் வீட்டுக்காரிக்குத்தான் அந்தப் பிள்ள போட்டிருந்த ஆரத்து மேல ஒரு கண்ணு. வேன்ல வரும்போதும் அதே பேச்சு."

நாகராஜன் "ம்… ம்" என்றார். அவர் காதில் அது பாதிதான் விழுந்தது. அப்பா இல்லாத பெண், தாயின் கடை, தென்காசி, ஆரம். ஊரில் யார் எந்த நகையை எப்போது வைத்தார்கள் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனுஷன். அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. மூளை முழுக்க ஆடிட்டரின் முனகலில் இருந்தது.

பொன்செல்வி ஆண்கள் பக்கம் வரமுடியாமல் படிக்கட்டின் அந்தப் பக்கமே நின்றாள். துண்டு கட்டிய முதுகுகளுக்கு நடுவில் நாகராஜனைத் தேடிக் கண்டுபிடித்தாள். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். அருவிச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு படி இறங்கி வந்தாள். அப்போதுதான் மூன்றாவது பலகையில் கிடந்தவரைப் பார்த்தாள். முகம் கீழே கவிழ்ந்திருந்தாலும் அந்தக் கழுத்தும் அந்தக் கடுக்கனும் அவளுக்குத் தெரிந்தவை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவை.

சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு அடி வைத்தாள். அதற்குள் எண்ணெய் தேய்க்கிறவர், "சாமி, உங்களத் தேடி ஆளு வந்திருக்கு" என்று நாகராஜன் முதுகில் தட்டினார்.

நாகராஜன் தலையைத் தூக்கினார். எதிரே பொன்செல்வி. தான் இருக்கிற கோலத்தை நினைத்து அவருக்கு முதலில் கூச்சம் வந்தது. துண்டை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவள் கையை ஆட்டி, வேண்டாம், பேசாதீர்கள் என்று ஜாடை காட்டினாள். கண்ணால் பக்கத்துப் பலகையைக் காட்டினாள். அவர் இப்படி அரை நிர்வாணமாக இருப்பதால் கூச்சப்படுகிறாள் என்று நாகராஜன் நினைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஆடிட்டரும் தலையைத் தூக்கி, "யார் சார், கஸ்டமரா?" என்று கேட்டார்.

ஆடிட்டர் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நாகராஜன் எழுந்து அவள் பக்கத்தில் போய்ப் பேசியிருப்பார். கேட்டுவிட்டாரே! தன் நிதி வாடிக்கையாளரை எப்படித் தாங்குகிறது என்று காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? அருவிச் சத்தத்தையும் மீறிக் குரலை உயர்த்தினார்.

"பொன்செல்விம்மா! ஒண்ணுங் கவலப்படாதீங்க! ஆரமும் வளையலும் பத்திரமா பெட்டகத்துல இருக்கு. இப்பமே வந்து மீட்டுத் தாரேன். உங்க மக நிச்சயத்துக்கு நேரமாவாம நான் பாத்துக்கிடுதேன்!"

மூன்றாவது பலகையில் தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஞானதுரை மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தார்.

"மைனியா? நீங்களா?"

"ஆமா அண்ணாச்சி" என்றாள் பொன்செல்வி. அவள் குரல் எங்கோ அடியில் போயிருந்தது. "சும்மா… இங்கன வந்தேன்."

அப்போதுதான் நாகராஜனுக்கு எல்லாம் ஒட்டியது. உடன்குடி, கடை வைத்த தாய், ஆரத்து மேல் கண். சொன்னதை விழுங்கிக்கொள்ள முடியுமா என்று அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது. துண்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவருக்குக் கூச்சமாக இருந்ததே, அது ஒரு விஷயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. உண்மையான வெட்கம் உடம்பில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. துண்டு போட்டு மூட ஒரு இடம் அகப்படவில்லை.

ஞானதுரை நாகராஜனைப் பார்த்தார். பொன்செல்வியைப் பார்த்தார். "நீங்க போங்க மைனி. சோலி கிடக்கும்லா? நாங்க அஞ்சு மணிக்கு வாரோம்" என்றார். கோபமா, இரக்கமா, ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது பொன்செல்வி ஆட்டோவில் முன்னால் போனாள். நாகராஜன் எண்ணெயோடு சட்டையை மாட்டிக்கொண்டு காரை ஓட்டினார். பக்கத்தில் ஆடிட்டர். இலஞ்சி தாண்டும்போது ஆடிட்டர் சொன்னார்: "பாதியில எழுந்து ஓடி வர்றீங்களே சார். இதையெல்லாம் ரிப்போர்ட்ல நல்லபடியா எழுதணும்."

"வேண்டாம் சார்" என்றார் நாகராஜன். "எழுதாதீங்க."

அடக்கம் என்று ஆடிட்டர் நினைத்துக்கொண்டார்.

பெட்டகத்தைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்து பொன்செல்வியின் முன்னால் வைத்தார் நாகராஜன். மைதீன் முத்திரையை உடைத்து, எடையைக் காட்டினார். பொன்செல்வி ஆரத்தை ஒருமுறை விரலால் நீவினாள். பிறகு அப்படியே தள்ளி வைத்தாள்.

"இத இப்பமே திரும்ப வச்சுக்கிட முடியுமா அண்ணாச்சி?"

நாகராஜனுக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா? சாயங்காலத்துக்கு…"

"மீட்டதுக்குக் கட்டுன பணம் மார்க்கெட்டுல நாள் வட்டிக்கு வாங்குனது. இன்னிக்கு ஒருநா பிள்ள போட்டுட்டு நிக்கட்டும்னுதான் வாங்குனேன். நாளைக்குத் திரும்ப இங்கனதான் கொண்டாரணும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் நாகராஜனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "இனி போட்டுட்டு நின்னா அவ மொகத்த யாரு பாப்பா? ஆரத்தத்தான் பாப்பாவ. மீட்டுட்டு வந்து மாட்டியிருக்கான்னு பாப்பாவ. வெறுங் கழுத்தா நின்னா அந்தக் கேவலமாவது இல்ல. ஒருநா வட்டியும் மிச்சம்."

"யம்மா, நான் வேணும்னு செய்யல…"

"சீக்கிரம் எழுதுங்க அண்ணாச்சி. கேசரிக்குச் சொல்லணும்."

நாகராஜன் தானே உட்கார்ந்து எழுதினார். புதுக் கடன் என்பதால் மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. எதிரே ஆடிட்டர் வேறு. தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாமென்று சட்டைப்பையில் கை வைத்தார். பொன்செல்வி அதைப் பார்த்துவிட்டாள். சுருக்குப்பையை அவிழ்த்துக் கட்டணத்தை மேஜைமேல் வைத்தாள்.

அவள் போன பிறகு ஆடிட்டர் சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். நாகராஜன் மைதீனை அவரோடு அனுப்பிவைத்துவிட்டுத் தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். தலைமயிரிலிருந்து எண்ணெய் இறங்கிக் காலரை நனைத்தது.

நாலு மணி சுமாருக்கு ஞானதுரை வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, ஈரத் தலையை வாரியிருந்தார். விசாரித்து விசாரித்து முன்வாசல் வழியாகத்தான் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த நகைய எதுக்கு வச்சிருக்காவ?"

நாகராஜன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார்.

"கடன்கிடன்ல முழுகிக் கெடக்காவளா? பிள்ள படிப்புக்குன்னா சொல்லுங்க, என் வீட்டுக்காரிகிட்ட நான் பேசிக்கிடுவேன். அவ ஒரு மாதிரி. அருவில பக்கத்துல குளிச்சுக்கிட்டிருந்த எங்க வேன் பயலுவ போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டானுவ. இப்ப, ஏமாத்தப் பாத்துட்டாவன்னு குதிச்சுக்கிட்டு நிக்கா. நிச்சயத்துக்கே போவேண்டாங்கா. எதுக்குன்னு தெரிஞ்சா நான் சமாளிச்சுருவேன்."

சொன்னால் காரியம் நடந்துவிடும். படிப்புக்கு என்று ஒரு வார்த்தை போதும். மத்தியானம் திறக்கக் கூடாத இடத்தில் திறந்த வாய், இப்போது திறக்க வேண்டிய இடத்தில் திறக்கப் பயந்தது. "வாடிக்கையாளர் விஷயத்த வெளிய சொல்லுதது இல்ல அண்ணாச்சி" என்றார் நாகராஜன். இருபது வருஷமாகச் சொல்லிப் பழகின வாக்கியம். இன்றைக்கு அதைச் சொல்லும்போது அவருக்குக் காது வரைக்கும் சுட்டது.

ஞானதுரை அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான்.

நாகராஜன் போனை எடுத்துப் பொன்செல்விக்குப் போட்டார். சம்பந்தி வந்திருக்கிறார், இப்படிக் கேட்கிறார், சொல்லட்டுமா என்றார். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அவங்கள வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நானே சொல்லிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மைதீன்தான் விவரம் சொன்னார். அவர் வீடு அதே தெருவில். நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது. ஷாரோன் மெல்லிசாக ஒரு செயின் மட்டும் போட்டிருந்தாளாம். ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, ஆரம் எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். பொன்செல்வி எழுந்து நின்று, "நிதியில இருக்கு. இவ படிப்புக்கு வச்சேன்" என்றாளாம். கூடம் முழுக்க ஆள். அந்தப் பையன் பிரின்ஸ்தான், "படிச்சுருக்கால்லா, அது போதும்மா. உக்காருங்க" என்று தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னானாம். போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுட்டுல்லா சார்?" என்றார் மைதீன், அவரைத் தேற்றுகிறமாதிரி.

நாகராஜனுக்குத் தேறவில்லை. கல்யாணம் நின்றுபோயிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நல்லபடியாக முடிந்த காரியத்துக்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது? ஆனால் அவள் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றாளே, அது நல்லபடியில் சேருமா? யாருக்கும் தெரியக் கூடாதென்று கூடுதல் வட்டி கட்டி மூடி வைத்ததை, அவள் வாயாலேயே சபையில் சொல்ல வைத்தாயிற்று. நாலு நாள் அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஆடிட்டரின் அறிக்கை வந்தது. ஒரு குறையும் இல்லை என்று இருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மேஜைக்குள் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மனசு தாங்காமல் பொன்செல்வியின் கடைக்குப் போனார். கடையில் மூன்று நான்கு பெண்கள் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்க முடியாதே என்று கையில் அகப்பட்ட ஒரு அட்டை ஹேர்பின்னை எடுத்து நீட்டினார். பொன்செல்வி அதை வாங்கிச் சின்னக் கவரில் போட்டாள். சில்லறை எண்ணி வைத்தாள். முகத்தில் கோபம் என்று ஒன்றும் இல்லை.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொல்ல நாகராஜன் தொண்டையைச் செருமினார். "யம்மா, அன்னைக்கு அருவில நான்…"

வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

பொன்செல்வி கவரை அவர் கையில் திணித்தாள். அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"இங்கனயுமா அண்ணாச்சி? கடையில ஆளு நிக்கி. ஒண்ணும் பேசாம போங்க."

நாகராஜன் ஹேர்பின்னை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார்.